கறிவேப்பிலையைப் புழு தின்னட்டும்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வானிலைச் செய்தியில் வேலூரும் திருத்தணியும் அடிக்கடி போட்டி போடும். 40 டிகிரி செல்சியஸ் என்றால் திருத்தணியில் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. கடற்காற்று எட்டாத தொலைவு, சுற்றிலும் பாறைக் குன்றுகள். அப்படிப்பட்ட ஊரில் புதுவீடு கட்டுகிறவர்கள், வாசலில் தொடங்கிப் பின்பக்கத் தோட்டம் வரைக்கும் ஒரு சாண் மண் தெரியாமல் பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை அந்தத் தரை இரவில்தான் இறக்கி வைக்கிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துக் குழிக்குள் இறக்கிவிட்டு, தானாகவே தண்ணீர் குடிக்கக்கூடிய மண்ணைக் கல்லால் மூடுவது என்ன கணக்கோ தெரியவில்லை.

கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: “சுத்தமா இருக்கும், பூச்சி பொட்டு வராது.”

பூச்சி வராத தோட்டத்துக்குக் குருவியும் வராது. கறிவேப்பிலைச் செடியை வைத்தே இதைப் பார்க்கலாம். மூலையில் ஒரு கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருக்கும் வீடுகள் திருத்தணியில் இன்னும் நிறைய உண்டு. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகள் அந்தச் செடிகளைத் தேடி வந்து முட்டையிடும். பொரிந்து வரும் புழு பார்வைக்குப் பறவை எச்சம் போலவே இருக்கும். தின்ன வருகிற பறவையை ஏமாற்றத்தான் அந்த வேடம். வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் பரப்பும். இரண்டு மூன்று வாரம் இலையைத் தின்றுவிட்டுக் கூட்டுப்புழுவாகிவிடும். சற்று வளர்ந்த செடிக்கு இதனால் பெரிய சேதமில்லை, மறுபடி துளிர்த்துவிடும். ஆனால் நாலு இலை ஓட்டையானதுமே கடைக்குப் போய் மருந்து வாங்கி அடிக்கிறோம். அதே இலையை அடுத்த வாரம் குழம்பில் தாளிக்கவும் செய்கிறோம்.

அந்தப் புழுவுக்காகக் காத்திருக்கும் வாய்கள் பல. தானியம் கொத்தும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது பூச்சியையும் புழுவையும்தான். அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் டக்ளஸ் டாலமி அந்நாட்டின் சிக்கடி என்ற சின்னஞ்சிறு பறவையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒரு கூட்டுக் குஞ்சுகள் வளர்ந்து பறக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வேண்டும். நம்மூர்த் தையல்சிட்டு இரண்டு இலைகளை நூலாம்படையாலும் பஞ்சாலும் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும். அதற்கும் ஏறக்குறைய இதே பாடுதான். மருந்தடித்த தோட்டத்தில் கூடு கட்ட இலை கிடைக்கலாம், குஞ்சுக்கு ஊட்ட ஒன்றும் கிடைக்காது.

நம் ஊர்களில் பறவைநேசம் பெரும்பாலும் மொட்டைமாடியில் அரிசி இறைப்பதோடு நின்றுவிடுகிறது. இறைப்பதில் தவறில்லை. அதில் அதிகம் பயனடைவது ஏற்கெனவே பெருகிக்கிடக்கும் மாடப்புறாவும் காகமும்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். சிட்டுக்குருவியைப் பற்றி இன்னொரு நம்பிக்கையும் ஊறிப்போயிருக்கிறது: செல்போன் கோபுரம் அதை அழித்துவிட்டது என்பது. அதற்கு உறுதியான அறிவியல் ஆதாரம் இதுவரை இல்லை. 2020இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்றும் பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றும் சொன்னது. ஓட்டு வீடும் திறந்த மூட்டை வைத்த மளிகைக் கடையும் மண்தரையும் எங்கே போயினவோ, அங்கே குருவியும் போயிற்று என்பதே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

இடம் விட்டால் போதும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல சாட்சிகள் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020ஆம் ஆண்டு தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி முட்டையிட்டிருப்பதைக் கண்ட ஊர்க்காரர்கள், குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடாமல் இருட்டில் நடந்தார்கள். நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டுத் தோட்டத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. நாற்றமும் எச்சமும் இரைச்சலும் மாதக்கணக்கில் இருக்கும். ஊர்மக்கள் விரட்டுவதில்லை, எச்சம் கலந்த மண் வயலுக்கு உரமாகிறது. அன்பும் ஆதாயமும் கலந்த உறவு அது, அதனால்தான் நிலைத்திருக்கிறதோ என்னவோ.

தோட்டத்தை எழுத்துக்குள் கொண்டுவந்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் 1950இல் அவர் தொடங்கிய பத்தி 1996இல் அவர் மறையும்வரை ஓடியது. யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காகத்தைப் பற்றியும் அணிலைப் பற்றியும் எழுதினார். அழகுக்காக அயல்நாட்டு மரம் நடும் மோகத்தைக் கடுமையாகச் சாடினார். இன்றைய நர்சரிகளில் வரிசை கட்டி நிற்கும் கோனோகார்ப்பஸைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

திருத்தணிக்கென்று ஒரு பூ இருக்கிறது. மலைமேல் சுனை அமைத்து நீலோற்பலம் வளர்த்து இந்திரன் முருகனை வழிபட்டான் என்கிறது தலபுராணம். மலைக்கு நீலோற்பலகிரி என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த நீல அல்லியை ஒரு சிமெண்ட் தொட்டியில் வளர்க்கலாம். அதற்கு வேண்டியது நல்ல வெயில், அதற்கு இங்கே குறைவே இல்லை. தட்டாரப்பூச்சி வரும், தேனீ வரும், தவளையும் வரலாம். கொசுவும் வருமே என்ற கேள்வி நியாயமானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஏரியில் நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் சிறு மீன்கள் நாலைந்தைத் தொட்டியில் விட்டால் கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும். இதற்கென்றே உலகெங்கும் பரப்பப்பட்ட அமெரிக்க மீனான கம்பூசியா வேண்டாம், அது தவளையின் முட்டையையும் உள்ளூர் மீன்குஞ்சையும் சேர்த்தே தின்றுவிடும். பறவைக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துவிட்டு நிரப்பினால் கொசுவுக்கு வேலையில்லை.

பாம்பைப் பற்றிப் பேசாமல் தோட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. பேவர் பிளாக் போடுகிறவர்களின் உண்மையான பயமும் அதுதான். அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் தோட்டத்தில் அதிகம் கண்ணில் படுவது சாரைப்பாம்பு. அதற்கு விஷமில்லை, எலிதான் அதன் சாப்பாடு. அடிபட்டுச் சாவதும் பெரும்பாலும் அதுதான். சாரையை அடித்துவிட்டு எலிக்கு மருந்து வைத்தால், மயங்கித் திரியும் எலியைத் தின்ற ஆந்தையும் சாகும். பிறகு எலி இன்னும் பெருகும், எலியைத் தேடி நல்லபாம்பு வரும்.

விறகு, செங்கல், தேங்காய் மட்டைக் குவியலைச் சுவரை ஒட்டி வைக்காமல் தள்ளி வைப்பது, இருட்டில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் பின்பக்கம் போகாமல் இருப்பது, கட்டுவிரியன் நடமாடும் ஊர்களில் இரவு தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலைக்குள் தூங்குவது: பாதுகாப்பின் பெரும்பகுதி இதில் அடங்கிவிடும். பாம்பைக் கண்டால் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடலாம். கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், நேரே அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அங்கே போடப்படும் மருந்துக்குப் பின்னால் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதிகளில் வாழும் இருளர்களின் அறிவு இருக்கிறது. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நான்கு வகைப் பாம்புகளின் விஷத்தை எடுத்துத் தருகிறது. விஷம் எடுத்த பாம்புகள் மறுபடி காட்டில் விடப்படுகின்றன. அச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் மலைப்பாம்பு பிடித்துக் கொடுக்கப் புளோரிடாவுக்கே அழைக்கப்பட்டார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஒரு சமூகம் பாம்பைத் தெரிந்துவைத்திருப்பது எத்தனை ஆயிரம் உயிர்களைக் காக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்தும் நாம் கவனிப்பதில்லை.

இனி மயில். முருகன் ஊரில் மயிலைக் குறை சொல்வது சங்கடம்தான். ஆனாலும் இத்தலத்தில் சன்னிதிக்கு எதிரே இருக்கும் வாகனம் யானை என்பதால் கொஞ்சம் தைரியம் வருகிறது. கொல்லையில் மயில் வந்து நின்றால் படமெடுத்து ‘இயற்கை திரும்புகிறது’ என்று ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் பறவைகள் அறிக்கைப்படி மயில் நாடெங்கும் பெருகிவருகிறது. முன்பு அரிதாக இருந்த கேரளத்தில் இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. குள்ளநரி போன்ற எதிரிகள் அருகியதும் நிலம் வறண்டதும் அதற்குச் சாதகமாயின என்று கருதப்படுகிறது. நெல்லையும் வேர்க்கடலையையும் கொத்தும், ஓணானையும் பாம்புக்குட்டியையும் விழுங்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பதால் விவசாயி அதன்மேல் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஊருக்குள் வீட்டில் இருப்பவர் பொரியும் அரிசியும் போட்டுப் பழக்கிவிட, அதன் விலையைக் கொடுப்பவர் ஊருக்கு வெளியே கடலை போட்டவர். மயிலுக்கும் குரங்குக்கும் தீனி போடாமல் இருப்பதே அவற்றுக்கும் அந்த விவசாயிக்கும் செய்யும் உதவி. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் அதே சட்டப்படி குற்றம் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம்.

தோட்டத்தில் என்ன மாறுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1998இல் வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று தொடங்கியது. இந்தியா 2013இல் அதில் சேர்ந்தது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி ‘ஈபேர்ட்’ செயலியில் பதிந்தால் போதும். 1960இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்த ஊர் திருத்தணி. பறவைக்குத் தமிழிலும் தெலுங்கிலும் பெயர் சொல்லக்கூடிய பாட்டிகள் பல வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் பட்டியல் நீளும். திருத்தணிப் பள்ளிகள் தெருவுக்கு ஒரு பட்டியல் என்று எடுத்தால், மண்தரை உள்ள தெருவும் கல் பாவிய தெருவும் எப்படி வேறுபடுகின்றன என்பது சில வருடங்களில் தாளில் தெரிந்துவிடும். காலையில் வெயில் ஏறுவதற்குள் தொடங்குவது நல்லது. காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாமல் எண்ண வேண்டும். எங்கும் இருப்பவைதானே என்று பலர் அவற்றைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.