விலை ஏறினால் கூலி ஏறுமா?
குவாத்தமாலா காப்பித் தோட்டங்கள் சொல்லும் பதில்

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு காப்பிக்கொட்டையின் விலை 4 டாலரைத் தாண்டிற்று. அதற்கு முன் காணாத விலை. காப்பி விளையும் நாடுகளுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று பேசுவோர் உண்டு. யாருக்கு நல்ல காலம்? தோட்டத்துக்குச் சொந்தக்காரனுக்கா, பழம் பறிப்பவனுக்கா? இதைக் கேட்காமல் நாம் விட முடியாது.

மெக்சிகோவுக்குத் தெற்கே உள்ள சிறிய மலைநாடு குவாத்தமாலா. அதன் எரிமலைச் சரிவுகளில் உயர்ந்த ரகக் காப்பி விளைகிறது. அறுவடைக் காலத்தில் மேல்மலைகளிலிருந்து மாயா மக்கள் குடும்பத்தோடு இறங்கி வருகிறார்கள். இடுப்பிலே கூடையைக் கட்டிக்கொண்டு, பழுத்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் எடை போடுவார்கள். எடைக்குத் தகுந்த கூலி. 100 பவுண்டு பழத்தில் தோலும் சதையும் ஈரமும் போக, சுமார் 20 பவுண்டு கொட்டை தேறும். பவுண்டு 4 டாலர் என்றால் 80 டாலர். இதில் பறித்தவனுக்கு எவ்வளவு? அதைத் தீர்மானிப்பது நியூயார்க் சந்தை அல்ல. நிலம் யார் கையில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

சட்டம் போட்டுப் பிடித்த ஆட்கள்

இந்தியர்கள் சோம்பேறிகள், கட்டாயப்படுத்தினால்தான் வேலைக்கு வருவார்கள் என்று அந்நாட்டுத் தோட்ட முதலாளிகள் மாயா மக்களைத் தூற்றினார்கள். உண்மை வேறு. சொந்த நிலத்தில் மக்காச்சோளம் விளைவித்துச் சாப்பிட முடிந்தவரை, அடுத்தவன் தோட்டத்துக்குப் போக அவர்களுக்கு அவசியமில்லை. 1871-ல் ஆட்சியைப் பிடித்த லிபரல்கள், கிராமப் பொதுநிலங்களைக் காப்பி முதலாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். 1877-ல் பாரியோஸ் சர்க்கார் கட்டாய வேலைக்குச் சட்டமே செய்தது. தோட்டக்காரன் கேட்டால் கிராமம் ஆள் அனுப்ப வேண்டும். முன்பணம் வாங்கியவன் கடன் தீரும்வரை விலக முடியாது. முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்க, நம் நாட்டுக் கங்காணியைப் போன்ற தரகர்கள் இருந்தார்கள்.

1934-ல் சர்வாதிகாரி ஊபிகோ கடனடிமையை ரத்துச் செய்தான். கூடவே வேறொரு சட்டம் வந்தது. போதிய நிலமில்லாதவன் வருஷத்துக்கு 100 அல்லது 150 நாள் பிறரிடம் வேலை செய்ததாகக் கைப்புத்தகத்தில் கணக்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்டனை. கடன்சீட்டு போய்க் கைப்புத்தகம் வந்தது, அடிமைத்தனம் போகவில்லை.

நிலம் கைக்கு வந்தது, பறிபோனது

1944 அக்டோபர் புரட்சிக்குப் பின் இந்தச் சட்டம் ஒழிந்தது. 1952 ஜூனில் ஜனாதிபதி ஆர்பென்ஸ் 900-ஆம் எண் நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நிலவுடைமையாளரில் நூற்றுக்கு 2 பேர், விளைநிலத்தில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் வைத்திருந்த காலம் அது. பெரும் பண்ணைகளின் தரிசு நிலமும், உலக யுத்தத்தின்போது ஜெர்மானியரிடமிருந்து பறிமுதலான காப்பித் தோட்டங்களும் பங்கிடப்பட்டன. வரிக்கணக்கில் சொந்தக்காரனே எழுதிக்கொடுத்த மதிப்புத்தான் நஷ்ட ஈடு. வரி கட்டும்போது குறைத்து எழுதியவர்கள், ஈடு வாங்கும்போது அநியாயம் என்று கூச்சலிட்டார்கள்!

சுமார் 1 லட்சம் குடும்பங்கள் நிலம் பெற்றன. 1954 ஜூனில் அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ. ஏற்பாடு செய்த படையெடுப்பில் ஆர்பென்ஸ் ஆட்சி கவிழ்ந்தது. கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி திரும்பப் பறிக்கப்பட்டது. மலையிலிருந்து ஆள் இறங்குவது தொடர்ந்தது.

கூலியை உயர்த்தியது எது?

1975-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பிச் செடிகள் கருகின. 1977-ல் காப்பி விலை பவுண்டு 3 டாலரைத் தாண்டிற்று. குவாத்தமாலா முதலாளிகளின் பெட்டி நிரம்பியது. ஆனால் விவசாயத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 1.12 குவெட்சாலிலேயே நின்றது. அன்று ஒரு குவெட்சால் ஒரு டாலருக்குச் சமம். 1980 தொடக்கத்தில் தென்கடற்கரையில் கரும்பு, பருத்தித் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மலையிலிருந்து வந்தவனும் உள்ளூர்க்காரனும் தோளோடு தோள் நின்றார்கள். குறைந்தபட்சக் கூலி 3.20 ஆயிற்று. விலை செய்யாததை ஒற்றுமை செய்தது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை சாமான்யமல்ல. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் 2 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா மக்கள் என்று 1999-ல் விசாரணைக் கமிஷன் கூறியது.

அப்படியானால் விலையைப் பற்றித் தொழிலாளிக்குக் கவலையே இல்லையா? உண்டு. ஏற்றுமதிக்கு அளவு வகுத்து விலையைத் தாங்கிவந்த சர்வதேச ஒப்பந்தத்தின் ஏற்பாடு 1989-ல் முறிந்தது. 2001-ல் விலை 50 சென்டுக்கும் கீழே விழுந்தது. முதல் அடி யாருக்கு? வேலையிழந்து பட்டினி கிடந்தது பழம் பறித்த குடும்பங்களே. விலை விழுந்தால் நஷ்டம் தொழிலாளி தலையில். விலை ஏறினால் லாபம் முதலாளி பெட்டியில். இதுவா நியாயம்?

ஏற்றுமதி பெருகட்டும், விலை ஏறட்டும், கூலி தானாக ஏறும் என்று உபதேசிப்பவர்களிடம் நாம் கேட்போம்: 1977-ல் ஏன் ஏறவில்லை? 1980-ல் எப்படி ஏறிற்று?