நிரலர்கள் இங்கே, நிரலின் உரிமை எங்கே?

போலந்தில் நல்ல நிரலர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் எழுதும் நிரலுக்கு உள்நாட்டில் உரிமையாளர்கள்தான் குறைவு. மென்பொருள் எழுதுவோரும் கணினியியல் கற்பிப்போரும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: மென்பொருள் துறைக்கென அரசு தரும் வரிச்சலுகையும் செலவிடும் பணமும் இனி எத்தனை பேருக்கு வேலை என்பதோடு நின்றுவிடாமல், உருவாகும் பொருளின் உரிமை யாரிடம் தங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை 1932இல் உடைத்த போலந்துக் கணிதவியலாளர் ரெயெவ்ஸ்கியின் பெருமை பேசிப் பேசித் தேய்ந்துவிட்டது, அதை விடுவோம். இன்றைய திறமைக்கு வேர் பள்ளிகளில் இருக்கிறது. 1993இல் தொடங்கிய தேசியக் கணினி ஒலிம்பியாடும், க்டினியா, வார்சா போன்ற நகரங்களின் சில பள்ளிகளில் மாணவர்களோடு கணக்குகளில் மூழ்கிய ஆசிரியர்களும் வளர்த்த தலைமுறை இது. வார்சா பல்கலைக்கழக அணி 2003இலும் 2007இலும் பல்கலைக்கழகங்களுக்கான உலக நிரலாக்கப் போட்டியை வென்றது. ஓப்பன்ஏஐ நிறுவனர்களில் ஒருவரான வொய்ச்செக் ஸரெம்பாவும், 2024இல் அதன் தலைமை அறிவியலாளரான யாகுப் பஹோட்ஸ்கியும் அங்கே படித்தவர்கள். நிறுவனம் இருப்பதோ சான் பிரான்சிஸ்கோவில்.

க்டான்ஸ்க் நகரத்தின் கதை இன்னும் தெளிவானது. அந்தப் பகுதியில் இரண்டு இளைஞர்கள் எழுத்தைப் பேச்சாக மாற்றும் இவோனா என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். 2013இல் அமேசான் அதை வாங்கியது. அடுத்த ஆண்டு அமேசானின் பேசும் உதவியாளரான அலெக்சா சந்தைக்கு வந்தது. அமேசான் க்டான்ஸ்கில் பெரிய ஆய்வு மையம் நடத்துகிறது. நல்ல சம்பளம், வருமான வரி, அங்கே பழகித் தேர்ந்த பொறியாளர்கள் என்று ஊருக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. அதை ஏளனம் செய்ய மாட்டோம்; எங்கள் உறுப்பினர்கள் பலரின் வீட்டில் அடுப்பு எரிவதே இப்படிப்பட்ட மையங்களால்தான். ஆனால் பொருள் விற்கும் ஒவ்வொரு முறையும் வரும் லாபம், அடுத்து எதைச் செய்வது என்ற முடிவு, இரண்டும் வேறு நாட்டில் இருக்கின்றன. சம்பளம் வளர்ச்சிக்கு உதவும்தான். ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. போலந்து நிரலரின் கூலி மேற்கு ஐரோப்பாவை நெருங்க நெருங்க, மலிவை நம்பி வந்த வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும்.

உரிமை இங்கேயே தங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1994இல் தொடங்கிய சிடி ப்ராஜெக்ட், 2015இல் வெளியிட்ட ‘தி விட்சர் 3’ விளையாட்டை ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அதன் பங்குகள் வார்சா பங்குச் சந்தையில் கைமாறுகின்றன. போலந்தில் இயங்கும் ஆறு வங்கிகள் கூடி 2015இல் தொடங்கிய பிலிக் என்ற கைபேசிக் கட்டண முறையை இன்று கடைத்தெரு முழுக்கப் பார்க்கலாம்.

அரசே திறமையை நசுக்கிய காலமும் இருந்தது. யாட்செக் கார்பின்ஸ்கி வடிவமைத்த கே-202 என்ற சிறு கணினியின் உற்பத்தியை 1970களின் தொடக்கத்தில், சுமார் முப்பது கணினிகளோடு நிறுத்தினார்கள். அவர் பிறகு பன்றி வளர்க்கப் போனார். இன்று யாரும் தடுப்பதில்லை. ஆனால் சலுகைகள் தள்ளிவிடும் திசை தவறாக இருக்கிறது.

2019 முதல், தானே உருவாக்கிய நிரலின் உரிமையிலிருந்து வரும் வருமானத்துக்கு 5% வரிதான். அந்த உரிமையை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்துப் பெறும் பணத்துக்கும் இதே சலுகை கிடைக்கிறது. உரிமையைப் போலந்தில் வைத்திருந்து விற்போருக்கு மட்டும் 5% தொடரட்டும். உரிமையைக் கைமாற்றுவோர் வழக்கமான வரி கட்டட்டும். இதனால் எங்கள் உறுப்பினர்களில் பலருக்கே வரி கூடும். தெரிந்தேதான் கேட்கிறோம். அப்படிச் சேரும் பணத்தில் முதல் பங்கு ஒலிம்பியாடுக்குத் தயார்செய்யும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கும் போக வேண்டும். தனியார் துறை தரும் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாமல் கற்பிப்பதை விட்டுப் போகிறவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது, வெளியிலிருந்து வரும் திறமை. பெலாரூஸ் உள்ளிட்ட நாடுகளின் மென்பொருள் வல்லுநர்களை அழைத்த விசாத் திட்டத்தை அரசு 2024 ஜனவரியில் நிறுத்தியது. பாதுகாப்புக் காரணங்கள் இருக்கலாம். அதற்காகக் கதவையே மூடியது சரியல்ல. பிறப்பு விகிதம் இவ்வளவு தாழ்ந்த நாட்டில், கடுமையான சரிபார்ப்போடு அதை மறுபடி திறக்கும்படி உள்துறை அமைச்சகத்தையும் வெளியுறவு அமைச்சகத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.