கவிதை எழுதினது போதும், ஃபோலியோவை எடுப்பம்

நிலத்தைப் பற்றிக் கவிதை எழுதாத ஆள் எங்களுக்குள் இல்லை. பூர்வீக மண், பறிபோன மண், பாட்டன் மண் என்று எழுதித் தள்ளியிருக்கிறோம். கலைப்பீடத்துப் பிள்ளைகள், வேறென்ன செய்வோம்? ஆனால் போன மாதம் ஒரு மாலை சாம்பல்தீவுப் பாலத்தடியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி சும்மா ஒரு கேள்வி கேட்டாள். "உங்கட வீட்டு உறுதி ஆற்ற பேர்ல இருக்கு?" ஒன்பது பேர் இருந்தோம். உறுதியாகப் பதில் சொன்னது ஒரே ஒரு ஆள். மற்ற எட்டுப் பேரும் "அம்மாட்டக் கேக்கணும்" என்றோம். அம்மாவிடம் கேட்டால் "அப்பப்பாட பேர்ல இருக்கும் போல" என்கிறார்.

இந்தக் கட்டுரை அந்த எட்டுப் பேருக்கு எதிரானது. அதாவது எங்களுக்கு எதிரானது. எங்களை இப்படியே வைத்திருக்க விரும்பும் கவுண்டர்களுக்கும் புரோக்கர்களுக்கும் எதிரானது.

கேள்வி கேட்டவளின் கதையைச் சொல்லுகிறோம், அவளிடம் கேட்டுவிட்டுத்தான். அவளின் அம்மம்மாவுக்கு இங்கே நாற்பது பேர்ச் வளவு. 2004 டிசம்பரில் கடல் வந்தபோது அலுமாரியோடு உறுதியும் போய்விட்டது. அதற்குப் பிறகு கட்டிய சோலைவரித் துண்டுகள் எல்லாவற்றையும் அம்மம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றும் தவறவில்லை. அக்கா வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டபோது, வங்கி உறுதியையும் காணிப் பதிவகத்து ஃபோலியோப் பிரதியையும் கேட்டது. அம்மம்மா டின்னை நீட்டினார். "இத்தனை வருசமா வரி கட்டுறனே பிள்ளை, பிறகென்ன உறுதி?"

அம்மம்மாவைக் குறை சொல்ல மாட்டோம். ஊரில் முக்கால்வாசிப் பேர் நம்புவது இதைத்தான். ஆனால் அது பிழை. சோலைவரித் துண்டு, வரி கட்டப்பட்டது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. காணி யாருடையது என்பதை அது தீர்மானிக்காது. பிரதேச சபையின் வரி இடாப்பில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர்க்காரர் செத்து இருபது வருடம் ஆகியிருந்தாலும் அதே பெயரில் துண்டு வந்துகொண்டே இருக்கும். பணம் வருகிறவரை இடாப்புக்கு அவசரம் இல்லை. துண்டு ஒரு துணைச் சாட்சியாக வழக்கில் உதவலாம், நீண்டகாலம் ஆண்டு அனுபவித்ததைக் காட்ட. அதற்கு மேல் அதற்குப் பலம் இல்லை.

அப்போ பலம் எங்கே இருக்கிறது? இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் நடக்க வேண்டும். அந்த உறுதி மூன்று பிரதியாகிறது. ஒன்று எங்கள் அலுமாரியில். ஒன்று நொத்தாரிசிடம். மூன்றாவது, முத்திரையோடு, அடுத்த மாதமே காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும். இதை எத்தனை பேருக்குத் தெரியும்? கடல் கொண்டுபோனது மூன்றில் ஒன்றைத்தான். இருபது வருடமாக "உறுதி போச்சு" என்று கவலைப்பட்ட எத்தனை வீடுகளின் இரட்டைப் பிரதி பதிவகத்து இறாக்கையில் தூசி பிடித்துக் கிடக்கும்!

பதிவகத்தில் இன்னொன்றும் இருக்கிறது, ஃபோலியோ. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பக்கம். விற்றது, நன்கொடை கொடுத்தது, ஈடு வைத்தது, குத்தகைக்கு விட்டது, வழக்குப் போட்டது எல்லாம் வரிசையாக அந்தப் பக்கத்தில் ஏறும். உறுதியின் ஓரத்தில் பதிவகத்து முத்திரையோடு ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் கிறுக்கியிருக்கும், பாருங்கள். தொகுதியும் பக்கமும் அவைதான். கட்டணம் கட்டி யாரும் தேடலாம், பிரதி எடுக்கலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. வாங்கப் போகிறவருக்கும் கடன் கொடுக்கிறவருக்கும் தெரியவேண்டும் என்பதற்காகத்தானே அந்தப் பதிவேடே இருக்கிறது.

பதியாமல் விட்டால் என்ன? உங்களிடம் நல்ல உறுதி இருக்கலாம். ஆனால் பதிவு செய்யவில்லை. அதே காணியை அதே ஆள் இன்னொருவருக்கு விற்று, அவர் காசு கொடுத்து, மோசடி இல்லாமல் வாங்கி, உங்களுக்கு முன் பதிந்துவிட்டால், பதிந்தவர் பக்கம்தான் சட்டம் நிற்கும். நிலாவெளி றோட்டுப் பக்கம் ஹோட்டல்கள் எழும்பி, கடற்கரைக் காணிக்கு விலை ஏறிக்கொண்டிருக்கிற காலத்தில் இது படிப்பினை சொல்லும் பழங்கதை இல்லை.

அவளும் நாங்கள் இரண்டு பேரும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எது என்று எழுதவில்லை. எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். கவுண்டரில் "உறுதி இலக்கம்?" என்றார்கள். தெரியாது என்றோம். "அப்ப ஏலாது." அவ்வளவுதான். வெளியே வேப்பமரத்துக்குக் கீழ் நின்றவர் எங்களைக் கூப்பிட்டார். "தங்கச்சி, பதினையாயிரம் தாங்க. நாளைக்கு எடுத்துத் தாறன்." உள்ளே ஏலாதது வெளியே பதினையாயிரத்துக்கு ஏலும்! பொதுமக்களுக்குத் திறந்த பதிவேடு இப்படித்தான் தரகுச் சரக்காகிறது. அந்த மனிதர் பெரிய வில்லன் இல்லை. எங்கள் அறியாமைக்கு அவர் விலை போட்டார், அவ்வளவுதான்.

நாங்கள் காசு கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மம்மாவைக் கேட்டோம். கலியாணம் 1974. எழுதிய நொத்தாரிசின் பெயர் நல்ல ஞாபகம். பக்கத்து வளவுக்காரரின் உறுதியில் எல்லையாக எங்கள் காணியின் பெயர் இருந்தது. ஊர், காணிப் பெயர், நொத்தாரிசு, வருடம், இவ்வளவோடு திரும்பப் போனோம். மூன்றாம் முறை, வேறொரு கவுண்டரில், பொறுமையான ஓர் உத்தியோகத்தரிடம், இரட்டைப் பிரதி கிடைத்தது.

அதில் இருந்ததைப் படித்தபோது சந்தோசம் நின்றுவிட்டது. காணி அம்மம்மாவுக்கும் அவரின் தம்பிக்கும் பிரிபடாத பாதிப் பாதியாக எழுதப்பட்டிருந்தது. தம்பி எண்பதுகளில் நாட்டை விட்டுப் போனவர். காலமாகிவிட்டார். பிள்ளைகள் ரொறன்ரோவில். இவ்வளவு காலமும் முழுக் காணிக்கும் வரி கட்டியது அம்மம்மா, பாதிக்குத்தான் சொந்தக்காரி. இப்போது ரொறன்ரோவில் இருந்து கையெழுத்து வரவேண்டும், இல்லாவிட்டால் பங்கு பிரிக்கும் வழக்கு. அக்காவின் வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. அம்மம்மாவின் தம்பி உயிரோடு இருந்த காலத்தில் யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்திருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும் வேலை.

சில தோழர்கள் கேட்பார்கள், "அரசே பறிக்கும்போது காகிதம் என்னத்தைச் செய்யும்?" நியாயமான கேள்வி. எங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது, கசப்பான பதில். சம்பூர் மக்கள் 2006இல் துரத்தப்பட்டார்கள். கையில் உறுதி வைத்திருந்தவர்களும் ஆண்டுக்கணக்காக முகாம்களில்தான் இருந்தார்கள். முதலீட்டு வலயம் என்று எடுத்த 818 ஏக்கர் பற்றிய வர்த்தமானி 2015 மே மாதத்தில்தான் ரத்தானது. காகிதம் துவக்கைத் தடுக்கவில்லை, உண்மை. ஆனால் திரும்பிப் போகும் நாள் வந்தால், மேசைக்குப் பின்னால் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆவணம் எங்க?" என்பதுதான்.

முத்துநகரைப் பாருங்கள். தலைமுறையாக வயல் செய்த விவசாயிகள், துறைமுக அதிகாரசபையின் காணி என்று சொல்லி வெளியேற்றப்பட்டு, சூரிய மின் திட்டத்துக்கு வயல் போனதை எதிர்த்து 2025இல் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வடக்கில் அதே ஆண்டு மார்ச் 28ஆம் திகதி 2430ஆம் இலக்க வர்த்தமானி வந்தது. நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணி. போரிலும் கடலிலும் உறுதி தொலைத்த, பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிற சனத்துக்கு மூன்று மாதம்! எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு அரசு பின்வாங்கியது. ஆனால் அந்தச் சட்டம் 1931இல் இருந்தே இருக்கிறது, இன்னும் இருக்கிறது. அடுத்த முறை கிழக்குக்கு வராது என்று யார் எழுதித் தந்தது? வந்தால் அந்த மூன்று மாதத்தில் ஊர்வலமும் போகவேண்டும், ஃபோலியோவும் எடுக்கவேண்டும். இரண்டாவதை இன்றைக்கே செய்யலாமே.

இனி வரி. சோலைவரி எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டால் "சபை சொல்லுற காசு" என்பதுதான் வீட்டில் வரும் பதில். கணக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. அபிவிருத்தியடைந்த பிரதேசம் என்று பிரகடனப்படுத்திய பகுதிக்குள் உள்ள ஆதனத்துக்கு ஓர் ஆண்டுப் பெறுமதி போடுவார்கள். அது சந்தை விலை இல்லை; அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்ற மதிப்பு. அதில் சபை தீர்மானித்த வீதம்தான் வரி. உதாரணத்துக்கு, ஆண்டுப் பெறுமதி 30,000 ரூபா, வீதம் 6 என்றால் வருடத்துக்கு 1,800. காலாண்டுக்கு 450. முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு, 1,620 போதும். காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம் கழிவு. கட்டாமலே விட்டால் அசையும் பொருட்களைத் தடுத்து வைக்கும் அதிகாரமும் சபைக்கு உண்டு.

மதிப்பு கூடிப்போனால் ஆட்சேபிக்கலாம். மதிப்பீட்டு அறிவித்தலில் அதற்கான காலக்கெடு இருக்கும். எங்கள் வீடுகளில் அந்த அறிவித்தல் நாட்காட்டிக்குப் பின்னால் செருகப்பட்டுக் காலாவதியாகிறது.

இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6 வரை தேர்தல் நடக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் நாங்கள் தெரிவு செய்த ஒருவரும் சபையில் இல்லை. செயலாளர்கள்தான் நடத்தினார்கள். ஆனால் வரி ஒரு காலாண்டும் நிற்கவில்லை. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டுக்கு என்ன பெறுமதி, எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு இந்த ஒழுங்கையின் வடிகானுக்குத் திரும்பியது என்று யாராவது கேட்டோமா? 2023இல் சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட உடன்பாட்டில் நாடளாவிய ஆதன வரி ஒன்றும் வாக்குறுதியாக இருந்தது. திகதி தள்ளிப்போகிறது, வடிவம் மாறுகிறது, யோசனை போகவில்லை. அது வரும் நாளில் இடாப்பில் பிழையான பெயரும் பிழையான அளவும் இருந்தால் பிழையான வரிதான் வரும்.

சபைகளிடமும் பதிவகங்களிடமும் எங்கள் கோரிக்கை பெரியதில்லை. வரி வீதத்தையும் கணக்கிடும் முறையையும் கழிவுத் திகதியையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தேடுதல் கட்டணத்தையும் ஒட்டுங்கள். உறுதி இலக்கம் இல்லாதவர் என்ன தகவலோடு வரவேண்டும் என்று ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் கொடுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்றைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கிறார்கள். இங்கே சுவரில் ஒரு தாள் கேட்கிறோம். தரமாட்டோம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு.

எங்களுக்கான வேலை இது. அம்மம்மா, அப்பப்பா உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்: காணியின் பெயர், எழுதிய வருடம், நொத்தாரிசு, நான்கு எல்லை. கொப்பியில் எழுதுங்கள். உறுதிக் காணி என்றால் பதிவகத்தில் ஃபோலியோப் பிரதி. பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் போய்ப் பின்னுரித்தாளராக யார் பெயர் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் பெயரும் பதியாமல் விட்டால் முன்பு சட்டத்தின் அட்டவணை ஆண்பிள்ளையைத்தான் முன்னுக்கு வைத்தது. 2022 திருத்தம் அதை மாற்றியது. எத்தனை அக்கா தங்கச்சிமாருக்கு அது தெரியும்? பிறகு சபைக்குப் போய், இடாப்பில் செத்தவர் பெயர் இருந்தால் மாற்ற விண்ணப்பம் கொடுங்கள்.

எங்கள் ஒன்பது பேரில் இதுவரை நாலு பேர் எடுத்துவிட்டோம். ஒருத்தரின் பக்கத்தில் அடைத்த ஈடு ஒன்று இன்னும் நீக்கப்படாமல் கிடக்கிறது. மிச்ச ஐந்து பேர் ஜனவரி 31க்கு முன். கவிதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரதியை எடுத்துவிட்டு வந்து எழுதுங்கள்.