யாருடைய ஆழம்?

ஒரு நாட்டின் நிதிச் சந்தை எவ்வளவு ஆழமானது என்று அறிய ஒரு வகுத்தல் கணக்குப் போதும் என்பதுதான் பொருளாதார வகுப்பறைகளில் நமக்குச் சொல்லித்தரப்படும் பாடம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் மொத்த மதிப்பையோ, தனியாருக்குக் கொடுக்கப்பட்ட கடனையோ எடுத்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு விகிதம் ஏறினால் நாடு முன்னேறுகிறது என்று பொருள். 1969-ல் ரேமண்ட் கோல்ட்ஸ்மித் இவ்வகை விகிதங்களைக் கொண்டு பல நாடுகளை ஒப்பிட்டார். நிதியை ஆழப்படுத்துவதே வளர்ச்சிக்கு வழி என்று 1973-ல் மெக்கின்னனும் ஷாவும் வாதிட்டார்கள். இன்று பன்னாட்டு நிதியத்தின் குறியீடு, கடனோடும் பங்கு மதிப்போடும் காப்பீட்டு பிரீமியம், ஓய்வூதிய நிதி, பரஸ்பர நிதி எல்லாவற்றையும் சேர்த்து ஆழத்தை அளக்கிறது. இவற்றில் எதுவும் ஆண் பெயரில் உள்ளதா, பெண் பெயரில் உள்ளதா என்று அது கேட்பதில்லை.

இந்தியாவின் கோடு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 1990-ல் தனியார் துறைக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் கால் பங்கு. இப்போது ஏறக்குறைய பாதி. 2024 மே மாதம் பங்குச் சந்தையின் மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. நாட்டின் ஓராண்டு உற்பத்தியைவிட அது அதிகம். இந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. இவை பெண்ணைக் கடன் வாங்குபவளாகவும் பணம் போடுபவளாகவும் எண்ணிக்கொள்கின்றன, அவள் கையில் என்ன மிஞ்சியது என்பதை எண்ணுவதில்லை என்று சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்து பாருங்கள். 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா பங்கு வெளியிட்டது. சுமார் 27,870 கோடி ரூபாய்; அதுவரை இந்தியா கண்ட மிகப் பெரிய பங்கு வெளியீடு. விற்றவை அனைத்தும் கொரியத் தாய் நிறுவனம் வைத்திருந்த பங்குகள். எனவே வந்த பணம் இருங்காட்டுக்கோட்டை ஆலைக்கு அல்ல, தாய் நிறுவனத்துக்கே போனது. பங்குகள் பட்டியலான அன்று நாட்டின் சந்தை மதிப்பில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி சேர்ந்தது. ஆலையோ முந்தின நாள் இருந்தபடியே இருந்தது. விண்ணப்பிக்கக் குறைந்தது 7 பங்கு, 13,720 ரூபாய் வேண்டும். ஹாஸ்டலில் தங்கி, வீட்டுக்கும் பணம் அனுப்பும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எந்த மாதம் அந்தத் தொகை மிஞ்சும்?

சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கானின் தாய் நிறுவனப் பங்குகள் விலைபோவது தைபேயில். அந்த உழைப்பின் மதிப்பு தைவான் சந்தையின் ஆழத்தில் சேர்கிறது.

ஆனாலும் இந்தத் தொழிலாளிகள் சந்தைக்கு வெளியே இல்லை. அவர்களின் அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காடு பி.எஃப்.-க்குப் போகிறது. 2015 ஆகஸ்ட் முதல் பி.எஃப். நிறுவனம் புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் போடுகிறது. அதாவது ஆழத்தைக் கூட்டுவதில் அவர்களுக்கும் பங்குண்டு. அதே பி.எஃப்.-இல் மாத ஓய்வூதியம் வேண்டுமென்றால் 10 ஆண்டு சேவை இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று வேலையை விட்டுப்போகிறவள் பத்து ஆண்டை எங்கே எட்டுவாள்? திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஐபோன் வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தி ஒருபுறமிருக்கட்டும். இளம்பெண்களின் சில ஆண்டு உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் தொழில்முறைக்கும், பத்தாண்டு கேட்கும் ஓய்வூதிய விதிக்கும் நடுவில் இழப்பவள் பெண்தான்.

அவள் அம்மா ஊரில் வாங்கும் குழுக்கடனும் ஆழத்தில் சேர்கிறது. தொழிலதிபரின் கடனும், வாரத் தவணை கட்டும் பெண்ணின் கடனும் விகிதத்துக்கு ஒன்றுதான். மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த மிரட்டலை எந்த வரைபடம் காட்டியது?

கந்துவட்டிக்காரனைவிட வங்கி மேல் இல்லையா என்று கேட்பார்கள். மேல்தான். ஜன்தன் கணக்குகளில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் பெண்ணின் சொந்தக் கணக்குக்கே வருகிறது. இவை போராடிக் காக்க வேண்டியவை. ஆனால் உலக வங்கியின் 2021 ஆய்வுப்படி, இந்தியாவில் கணக்கு வைத்திருப்பவர்களில் 35 விழுக்காட்டினரின் கணக்குகள் பயன்பாட்டில் இல்லை. கணக்குப் புத்தகம் தருவதும் கையில் பணம் தங்குவதும் ஒன்றல்ல.

2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில் ஏராளமானோர் இளம்பெண்கள். அந்த ஆண்டு சென்செக்ஸ் சுமார் 30 விழுக்காடு ஏறியது. ஆழத்தின் கோட்டில் 2014 நல்ல ஆண்டு.

எனவே வேறு அளவுகோல் கேட்கிறேன். கடனைக் கழித்தபின் பெண்ணின் பெயரில் மிஞ்சுவது எவ்வளவு? வேலையை விட்ட பெண்களில் எத்தனை பேர் ஓய்வூதியத் தகுதி பெற்றார்கள்? சம்பளம் நின்றால் ஒரு தொழிலாளி எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பாள்? மூன்றாவது கேள்வியே எனக்கு முதன்மையானது. 2021 டிசம்பரில், ஹாஸ்டல் சாப்பாட்டால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனபின், ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதச் சம்பளத்தை நம்பியிருப்பவள் அப்படி உட்கார எவ்வளவு துணிய வேண்டியிருந்தது! கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால், கெட்ட சோற்றை முதல் நாளே வேண்டாம் என்று சொல்லலாம்.

இந்த மூன்று எண்களையும் ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். பொருளாதாரம் படிக்கும் மாணவிகள் ஆய்வுத் தலைப்பு தேடினால், காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.