முதலில் அளவெடுப்போம், பிறகு பணமெடுப்போம்

ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி போனஸ் கைக்கு வருவதற்கு முன்பே அதற்குப் பங்கு கேட்போர் வரிசையில் நின்றுவிடுகிறார்கள். ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய தொகை, பொங்கலுக்குப் போய்வர ரயில் கட்டணம், பள்ளிக்கூடச் செலவு என்று கணக்குப் பார்க்கும்போதே, இப்போது புதிதாக ஒரு கோரிக்கையும் சேர்ந்துகொண்டது. "கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, கேம் ஓடவில்லை, புதிது வேண்டும்" என்கிறான் மகன். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் பிம்பிரியிலும் நம்மவர் வீடுகளில் இன்று கேட்கும் குரல் இது.

இதற்குப் பெற்றோர் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். ஒரு சாரார், "விளையாட்டுக்கு ஒரு காசு கிடையாது" என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். மற்றொரு சாரார், பிள்ளையின் முகம் வாடப் பொறுக்காமல், கடைக்காரர் காட்டிய புதுப் பெட்டியைத் தவணையில் வாங்கிவிட்டு, அடுத்த பன்னிரண்டு மாதமும் சம்பள நாளில் கணக்குக்காரர்களாக உட்காருகிறார்கள். இரண்டும் சரியல்ல என்பதே நமது கருத்து. பெரும்பாலான வீடுகளில் முழுக் கம்ப்யூட்டரும் பழுதாகவில்லை. அதில் ஏதோ ஒரு பாகம்தான் மற்றவற்றைப் பிடித்து இழுக்கிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, கையில் உள்ள ரொக்கத்தில் மாற்றிக்கொண்டால் போதும்.

இடுக்கு எங்கே?

போசரியிலும் சாக்கணிலும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிய பாடமன்று. வரிசையாகப் பத்து இயந்திரங்கள் ஓடும்போது, ஒன்று மட்டும் மெதுவாக ஓடினால் அன்றைய உற்பத்தியை அந்த ஒன்றே நிர்ணயிக்கிறது. மற்ற ஒன்பதையும் புதிதாக மாற்றினாலும் பயன் இல்லை. கம்ப்யூட்டரும் அப்படியே.

இடுக்கைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கமாக ஆடும் விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு 100 சதவீதத்தை ஒட்டி நின்றால் இடுக்கு அங்கே. கார்டு பாதியில் நிற்க, ஆட்டம் மட்டும் திக்கித் திணறினால் பிராசஸரையோ ராமையோ சந்தேகிக்க வேண்டும். படத்தின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். குறைத்தும் வேகம் கூடவில்லையென்றால் பெரும்பாலும் பிராசஸர்தான் தடை. ராம் நிரம்பி வழிந்தால் அதுவே காரணம். திறப்பதற்கும் ஏறுவதற்கும் மட்டும் நேரமாகிறது என்றால், பழைய சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே போதும்.

இன்னொன்றும் உண்டு. ஆன்லைன் ஆட்டத்தில் எதிராளி திடீரென்று குதித்துக் குதித்து நகர்ந்தால், அது பல வேளைகளில் கம்ப்யூட்டரின் குற்றமன்று. இணைய இணைப்பின் குற்றம். நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் வைஃபையை விட்டு, மோடத்திலிருந்து நேரே ஒரு வயரை இழுத்துப் பார்த்த பிறகே கடைக்குப் போகலாம். உள்ளே படிந்த தூசியைத் துடைத்து, பிராசஸர் மேல் காய்ந்துபோன பேஸ்டைப் புதிதாகத் தடவுவதும் அற்பச் செலவுதான். சூட்டினால் வேகம் குறைந்த பெட்டிகள் அதிலேயே தேறிவிடுவதுண்டு.

நம் ஊரே சாட்சி

சாதாரணப் பாகங்களைச் சரியாக இணைத்தால் பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு உலகத்துக்கே சாட்சி சொன்ன ஊர் புனே. இந்தியா கேட்ட அளவுக்கு வேகமான கிரே சூப்பர் கம்ப்யூட்டரை விற்க அமெரிக்கா தயங்கியபோது, 1988-ல் இங்கே சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. டாக்டர் விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் 'பரம் 8000' வெளிவந்தது. அதற்குள் இருந்தது மந்திரச் சில்லு எதுவும் அல்ல. பிரிட்டனைச் சேர்ந்த இன்மோஸ் கம்பெனியின் டிரான்ஸ்பியூட்டர் என்ற, சந்தையில் கிடைத்த சில்லுகளே பலவாக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்கொன்று ஈடு கொடுக்கும்படி இணைத்ததில்தான் சாமர்த்தியம் இருந்தது. நாட்டுக்குப் பொருந்திய அந்த நியாயம் நம் வீட்டு மேஜைக்கும் பொருந்தும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பிராசஸரை மாற்ற வேண்டுமென்றால் மதர்போர்டு ஒத்துழைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் 2017-ல் வந்தபோது பயன்பட்ட அதே ஏ.எம்.4 சாக்கெட்டில், 2022-ல் வந்த ரைசன் 5 5600 கூடப் பல பழைய போர்டுகளில் உட்காரும். பயாஸைப் புதுப்பித்தால் போதும். போர்டு தயாரித்த கம்பெனியின் பட்டியலில் அந்தப் பெயர் உள்ளதா என்று சரிபார்த்துக்கொள்வது அவசியம். இன்டெலில் இந்த வசதி குறைவு. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான போர்டில் எட்டாம் தலைமுறை பிராசஸர், பின்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தும், வேலை செய்யாது. ராமிலும் டி.டி.ஆர்.4 உள்ள இடத்தில் டி.டி.ஆர்.5 நுழையாது.

ராம் ஒற்றையாக இருப்பதைவிட ஜோடியாக இருப்பது நல்லது. 16 ஜி.பி. ஒன்றைவிட 8 ஜி.பி. இரண்டு, பல விளையாட்டுகளில் கூடுதல் வேகம் தரும். ஏற்கெனவே ஒரு 8 இருந்தால் அதே வேகத்தில் இன்னொரு 8 சேர்த்தால் போதும். 2025-ன் இறுதியில், ஏ.ஐ. சர்வர்களுக்காகச் சில்லு கம்பெனிகள் உற்பத்தியைத் திருப்பியதால் ராம் விலை கிடுகிடுவென ஏறியதை மறந்துவிடக் கூடாது. பயன்படும் பழைய ராமைத் தூக்கிப் போடுவது பணத்தைத் தூக்கிப் போடுவதே.

பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி, அதில் கார்டு போடுவது நல்ல யோசனைதான். ஆனால் மெலிந்த பெட்டியாக இருந்தால் குட்டையான கார்டு மட்டுமே நுழையும். அதன் பவர் சப்ளையும் தனி அளவாக இருக்கும். 75 வாட்டுக்குள் அடங்கும் ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற கார்டுகளின் குட்டை வடிவம் அத்தகைய பெட்டிக்கு ஏற்றது. இன்னொரு கணக்கும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கும் பழசான பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எதில் சிக்கனம் பார்த்தாலும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளையில் பார்க்கக் கூடாது. பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வெடித்தால், தான் மட்டும் போகாது. கார்டையும் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். 80 பிளஸ் முத்திரை, தெரிந்த கம்பெனி, சில ஆண்டு வாரண்டி மூன்றும் இருக்க வேண்டும்.

சந்தையில் நிற்கும்போது

தப்கீர் கல்லியிலோ ஜூனா பஜாரிலோ, ஊருக்குப் போகும்போது சென்னை ரிச்சி தெருவிலோ பேரம் பேசுவதில் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் பழைய கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் பேரத்தைவிடச் சோதனை முக்கியம். எத்தீரியம் என்ற கணினி நாணயத்தைக் கார்டுகளால் தோண்டும் முறை 2022 செப்டம்பர் 15-ல் முடிவுக்கு வந்தது. அதுவரை இரவு பகலாக உழைத்த ஆர்.எக்ஸ். 580 போன்ற கார்டுகள் பல, பழைய பொருள் சந்தைக்கு வந்தன. பழைய சில்லுக்குப் புதிய பெயரிட்டு விற்கும் மோசடியும் உண்டு. ஜி.பி.யு-இஸட் என்ற இலவச மென்பொருள் போலியைக் காட்டிக்கொடுக்கும். கடையிலேயே மாட்டி, ஓர் ஆட்டத்தைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க அனுமதிக்காதவரிடம் வாங்க வேண்டியதில்லை.

புதிய பாகம் என்றால் பில் கட்டாயம். "18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று பில் இல்லாமல் வாங்கினால், பழுதாகும் நாளில் வாரண்டி கேட்க வாய் இருக்காது. "வட்டியில்லாத் தவணை" என்ற பலகையைக் கண்டும் மயங்க வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அந்த வட்டி விலையிலோ, கிடைக்காமல் போன தள்ளுபடியிலோ, கட்டணத்திலோ ஒளிந்திருக்கும்.

விளையாட்டு வீணா?

"இவ்வளவும் விளையாட்டுக்குத்தானே" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். அதே கார்டும் ராமும் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவம் வரையவும், வீடியோ தொகுக்கவும், புரோகிராம் எழுதவும் உதவும். விளையாட்டு தயாரிப்பதும் இன்று ஒரு தொழில். பிரான்சின் யூபிசாஃப்ட் 2008-ல் புனேயில் கால் ஊன்றியது. 2024-ல் 'இண்டஸ்' ஆட்டத்தை வெளியிட்ட சூப்பர்கேமிங் புனேயைச் சேர்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் அங்கே போய்விடுவார்கள் என்று சொல்லவில்லை. வழி இருக்கிறது என்கிறோம்.

பயப்பட வேண்டியது ஆட்டத்துக்கு அல்ல, சூதாட்டத்துக்கு. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது; இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது பெற்றோர் கடமை.

ஆகவே மகன் கேட்கும்போது, "முடியாது" என்றோ "சரி" என்றோ உடனே சொல்ல வேண்டாம். "இடுக்கு எங்கே என்று கண்டுபிடித்து, மாற்ற வேண்டிய பாகத்தின் பெயரையும் மூன்று கடை விலையையும் எழுதிக் கொண்டு வா" என்று சொல்லுங்கள். எழுதிக்கொண்டு வரும் பையனுக்கு வீட்டு வரவு செலவையும் காட்டுங்கள். அப்பாவின் போனஸில் பாட்டிக்கு எவ்வளவு, ரயிலுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று அவன் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டால், முழுப் பெட்டி கேட்டவன் தானாகவே ஒரு பாகத்தோடு நிற்பான். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னதை, அடுத்த தலைமுறை கம்ப்யூட்டரில் கற்றுக்கொண்டால் நமக்கு என்ன நஷ்டம்?