எழுவாயும் பயனிலையும் நம் பிள்ளைக்குத் தெரியாதா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"டீச்சர், பிள்ளைக்கு இங்கிலீஷ் கிராமரே ஏற மாட்டேங்குது, எந்த டியூஷன்ல சேக்கலாம்?" என்று உங்களில் பலர் போன் செய்கிறீர்கள். நோட்டைப் போட்டோ எடுத்தும் அனுப்புகிறீர்கள். சிவகாசிப் பிள்ளை நோட்டானாலும் சாத்தூர்ப் பிள்ளை நோட்டானாலும் சிவப்பு மை அதிகம் விழுவது ஒரே இடத்தில்தான். எழுவாய்க்கும் வினைக்கும் பொருத்தம் இருப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மூளைக் குறைவு அல்ல. இந்தப் பிழைகளில் பல, தமிழ் நன்றாகத் தெரிந்ததால் வருகிற பிழைகள். தமிழை வைத்தே விளக்கினால் சரியாகிவிடும்.

எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவது நமக்குப் புதிதா? போகிறேன், போகிறோம், போகிறாய், போகிறீர்கள், போகிறான், போகிறாள், போகிறார், போகிறார்கள், போகிறது, போகின்றன. பத்து வடிவம்! ஆங்கிலத்தில் 'கோ', 'கோஸ்' என்று இரண்டே இரண்டு. பத்தையும் பள்ளிக்கு வருமுன்பே பேசிப் பழகிய பிள்ளைக்கு இரண்டு வராதா?

பிறகு ஏன் தடுமாறுகிறது? நான்கு இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, மரியாதை. "அப்பா பயர் ஆபீஸ்ல வேலை பாக்காங்க" என்பது நம் வீட்டுப் பேச்சு. ஆள் ஒருவர், வினை பன்மை. அதை நம்பிப் பிள்ளை 'மை ஃபாதர் ஆர் ஒர்க்கிங்' என்று எழுதுகிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வரும் உயர்வுச் சொல், இலக்கண விதி அல்ல என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஆங்கிலத்தில் அப்பா ஆனாலும் கலெக்டர் ஆனாலும் ஒருவர் என்றால் 'இஸ்'தான். ஆனால் அவர்களுக்கும் ஒரு 'நீங்க' உண்டு. 'யூ' என்பது முன்பு பலரைக் குறித்த சொல். மரியாதைக்காக ஒருவரையும் அப்படி அழைத்து, அதுவே நிலைத்துவிட்டது. அதனால்தான் எதிரில் ஒருவர் இருந்தாலும் 'யூ ஆர்' என்கிறோம். இதைச் சொன்னால் பிள்ளை சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்ளும்.

இரண்டு, 'எஸ்' எழுத்து. பெயரில் சேர்ந்தால் பன்மை, வினையில் சேர்ந்தால் ஒருமை. 'பாய்ஸ்' என்றால் பலர் என்று படித்த பிள்ளை, 'பாய்ஸ் ப்ளேஸ்' என்று எழுதுவதில் நியாயம் இருக்கிறது! 'பாய் ப்ளேஸ், பாய்ஸ் ப்ளே' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வையுங்கள். பெயரிலோ வினையிலோ ஓரிடத்தில்தான் 'எஸ்' வரும். 'சில்ட்ரன்' போல 'எஸ்' இல்லாத பன்மைகளைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்று, தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடியும். "அவர் ஆசிரியர்." அவ்வளவுதான். அதனால் பிள்ளை 'ஹி டீச்சர்' என்று நிறுத்திவிடுகிறது. அங்கே நடுவில் 'இஸ்' என்று ஒரு வினை வந்தே ஆகவேண்டும்.

நான்கு, நீள வாக்கியம். பெரிய வகுப்புப் பிள்ளைகளும் இடறும் இடம் இது. "பட்டாசுப் பெட்டிகளின் விலை கூடியிருக்கிறது." கூடியது விலை. தமிழில் அந்த 'விலை' வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தி பிரைஸ் ஆஃப் தி பாக்ஸஸ்' என்று விலை முன்னே போய்விடும், வினைக்குப் பக்கத்தில் பெட்டிகள் வந்து நிற்கும். பிள்ளை பெட்டிகளைப் பார்த்து 'ஹேவ்' போடும். வரவேண்டியது 'ஹேஸ்'. "எது கூடியது?" என்று தமிழில் ஒரு கேள்வி கேளுங்கள். விடை தானாக வரும்.

இதற்கு டியூஷன் எதற்கு? தினம் பத்து நிமிஷம் பிள்ளையோடு உட்காருங்கள். வாக்கியத்தைத் தமிழில் சொல்ல வைத்து, யார், எது, ஒன்றா, பலவா என்று கேளுங்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய தாயும் இதைச் செய்யலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லும் பெற்றோரும் உண்டு. எனக்கு அதில் சம்மதமே இல்லை. தெரிந்ததைக் கொண்டு தெரியாததைச் சொல்லிக் கொடுப்பதுதான் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் படித்த முதல் பாடம். பிள்ளைக்குத் தெரிந்தது தமிழ். அதைப் பிடுங்கிவிட்டால் எதன் மேல் ஏறி ஆங்கிலத்தை எட்டும்?

குழாய் உருட்டியும் திரி வெட்டியும் உங்களைப் படிக்க வைத்தார்கள். தீப்பெட்டி, பட்டாசு வேலையில் சிறுவர்களை வைக்கக் கூடாது என்று 1986இல் சட்டம் வந்தது. அதற்கு முன் விடியுமுன்பே ஆபீஸ் வண்டி ஏறிய பிள்ளைகள் எத்தனை! அந்த வண்டியிலிருந்து இறங்கி வகுப்பறைக்கு வந்த தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். நல்ல மார்க் வாங்கியும், ஒரு 'எஸ்' தப்பிவிடுமோ என்று இன்டர்வியூவில் வாயே திறக்காமல் திரும்பி வந்த என் மாணவிகள் உண்டு. பிழையைவிட அந்தப் பயம்தான் அவர்களுக்கு வேலையைக் கெடுத்தது.

ஆகவே தப்பாக எழுதினால் திட்டாதீர்கள். "ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேளுங்கள். அதன் பதிலில் அநேகமாக ஒரு தமிழ் வாக்கியம் ஒளிந்திருக்கும்.

உங்கள் பிள்ளை அடிக்கடி இடறும் வாக்கியத்தைக் கமெண்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்