கப்பல் ஏறிய இடம்

என் கல்யாணத்துக்குச் சித்தப்பா வரவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மாப்பிள்ளை அழைப்புக் காரை, இடம் தாராளமாக இருக்கிறதே என்று ஒரு காலி மனையில் நிறுத்திவிட்டார்கள். அவருக்கும் அப்பாவுக்கும் கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்த மனை. 'என் மனைலேர்ந்து இவன் ஊர்வலம் கிளம்புவானா?' அவ்வளவுதான். மொய்க் கவர்கூட வரவில்லை.

சித்தப்பாவைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஸ்பெயின் ராஜாவே அப்படித்தான் செய்தார்.

1981 ஜூலை 29, லண்டனில் சார்லஸ்-டயானா கல்யாணம். ஸ்பெயின் ராஜா ஹுவான் கார்லோஸுக்கும் அழைப்பு உண்டு. தூரத்துச் சொந்தம் வேறு. இரண்டு வீட்டுக்கும் விக்டோரியா மகாராணிதான் கொள்ளுப்பாட்டி வகை. அப்புறம்தான் அந்த விவரம் வெளியானது. ஹனிமூனுக்குப் புதுத் தம்பதி 'பிரிட்டானியா' கப்பலில் ஏறப்போவது ஜிப்ரால்டரில்! ராஜா, ராணி ரெண்டு பேருமே கல்யாணத்துக்கு டிமிக்கி.

ஸ்பெயினின் தெற்கு நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாறை அது. ஏழு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. 1713-ல் உட்ரெக்ட் உடன்படிக்கையில் பிரிட்டனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, ஸ்பெயின் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

1954-ல் எலிசபெத் ராணி காமன்வெல்த் டூர் முடித்துத் திரும்பும் வழியில் அங்கே இறங்குவதாக ஏற்பாடு. சர்வாதிகாரி ஃபிராங்கோ 'கூடாது' என்று குதித்தார். அங்கிருந்த தன் கான்ஸல் ஆபீஸை மூடினார். எல்லையில் கெடுபிடி ஆரம்பம். ராணி மே மாதம் வந்து, ஊர்க் குரங்குகளையெல்லாம் பார்த்துவிட்டுப் போனார். குடைச்சல் வளர்ந்து வளர்ந்து, 1969-ல் ஃபிராங்கோ எல்லைக் கேட்டையே இழுத்துப் பூட்டினார்.

மாட்டிக்கொண்டது யார்? பாறைக்காரர்கள். பெண் கொடுத்தது, எடுத்தது எல்லாம் பக்கத்து ஸ்பானிஷ் ஊரான லா லீனியாவில். போனும் கட். புதுசாகப் பிறந்த குழந்தையைக் கேட்டின் இந்தப் பக்கம் தூக்கிக் காட்டி, அந்தப் பக்கம் நிற்கும் பாட்டியிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள்.

ஃபிராங்கோ 1975-ல் போய்ச் சேர்ந்தார். பூட்டு போகவில்லை. 1981 ஆகஸ்ட் 1-ம் தேதி சார்லஸும் டயானாவும் விமானத்தில் வந்து இறங்கியபோதும் கேட் மூடித்தான் கிடந்தது. தெருவெல்லாம் ஜனம்.

வேறு துறைமுகமே கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால், ஒரு ராஜா முறைத்தார் என்று புரோகிராமை மாற்றியிருந்தால், பன்னிரண்டு வருஷம் அடைபட்டுக் கிடந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 'சரி, நம்மை விற்றாச்சு' என்றுதானே? அரச விஜயத்துக்கு ரூட் போடும் அதிகாரி வேலை எனக்கு வேண்டாம் ஸார்.

1982 டிசம்பரில் நடந்துபோகிறவர்களுக்குக் கேட் திறந்தது. 1986-ல் ராஜா லண்டன் போனார், 1988-ல் ராணி ஸ்பெயின் போனார். சமாதானம் என்று நினைத்தால், 2012-ல் இளவரசர் எட்வர்டை ஜிப்ரால்டருக்கு அனுப்புகிறார்கள் என்றதும், எலிசபெத்தின் வைர விழா விருந்துக்கு வருவதாக இருந்த ஸ்பெயின் ராணி சோஃபியா கடைசி நேரத்தில் 'வரவில்லை' என்றுவிட்டார். எலிசபெத்தும் 1954-க்குப் பிறகு, 2022-ல் கண்மூடும்வரை அந்தப் பாறைப் பக்கம் போகவே இல்லை.

அடுத்த மாசம் என் தம்பிக்குக் கல்யாணம். கேஸ் இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது. காரை எங்கே நிறுத்தலாம் என்று சித்தப்பாவிடம் கேட்டு வர, அம்மா கையில் தாம்பாளத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.